நியமம் வழக்கமாக வேண்டும்: உடல் எடை பற்றி ஒரு பாடம்

உடல் எடையைக் குறைப்பது எவ்வாறு என்னும் வினா இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. குறைப்பதற்கு வழி கூறுவோர் பலர். குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதற்கு வழி கூறுவோர் சிலரே. இப்பாடம் அந்த இரண்டாவது வழியைப் பற்றியது.

‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் நெறி. ஆதலின் நம் அனுபவத்திலிருந்தே தொடங்குவோம். பணி ஓய்வுக்குப்பின் தென்காசியில் வாழ்ந்துவரும் நாம், 68ஆம் வயதில் 40 நாள்கள் சோற்றையும் இனிப்பையும் அறவே விலக்கினோம். 5 கிலோ குறைந்தது. 41ஆம் நாள், எல்லாம் முடிந்ததென மகிழ்ந்து பழைய உணவுக்கே திரும்பினோம். ஓராண்டுக்குள் 6 கிலோ ஏறியது.

நம் இளைய சகோதரியின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. அட்டமி, சதுர்த்தசி தவறாமல் உபவாசம் இருந்தவர் அவர். ஆனால் மறுநாள் பாரணையில் பாயசமும் வடையுமாக இருமடங்கு உண்பார். நடக்கும் வழக்கமும் இல்லை. நீரிழிவு வந்தது. காலில் பட்ட சிறு புண் ஆறாமல் இரண்டு விரல்களை நீக்க நேர்ந்தது. மருத்துவமனையில் அவரருகே அமர்ந்திருந்தபோதுதான், இருவரும் செய்த பிழை ஒன்றே என உணர்ந்தோம். சில நாள் முயற்சியை வாழ்நாள் வழக்கமென்று எண்ணிவிட்டோம்.

அளவை அறிதல்

நம் நாட்டவர்க்கு இடுப்பின் சுற்றளவு பெண்டிரிடத்து 80 சென்டிமீட்டரையும், ஆடவரிடத்து 90 சென்டிமீட்டரையும் தாண்டுதல் ஆகாது என்பது மருத்துவர் வகுத்த வரம்பு. இதனை அறிய ஒரு தையல் நாடா போதும்.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்குகொண்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவருள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் அரைமணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவருள் ஏறத்தாழ 39 பேரே ஆளாயினர். இவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எடைக்கருவி அசையாத நாளிலும் நல்ல வழக்கம் தன் பணியைச் செய்துகொண்டிருக்கிறது.

நியமமும் யமமும்

இரத்தினகரண்டக சிராவகாசாரம், துய்க்கும் பொருள்களுக்கு எல்லை வகுத்தலை இரண்டாகப் பிரிக்கின்றது. குறித்த காலத்துக்கு ஏற்பது நியமம். வாழ்நாள் முழுவதற்கும் ஏற்பது யமம். விரதத்தின் நோக்கம் வினை நீக்கம்; எடை குறைத்தல் அன்று. எனினும் அதன் முறை நமக்கு நல்ல பாடம். சிறிய நியமத்தை ஏற்று, முடியும் நாளிலேயே அதனைப் புதுப்பித்துவந்தால் அது யமத்தை நெருங்கும். நாம் 41ஆம் நாள் செய்யத் தவறியது இதனையே.

செய்யும் முறை

1. ஒரு நியமத்தை மட்டும் தொடங்குக. அதனை முன்பே உள்ள வழக்கத்தோடு பிணைக்க. இரவுண்ணாமை நம் குடும்பங்களுக்குக் கிடைத்த பெருவாய்ப்பு. மேற்கே மலை நிற்பதால் தென்காசியில் வெயில் விரைவில் தாழ்ந்துவிடும். மாலையுணவு முடிந்து சற்று இருந்து, பின் 10 நிமிடம் நடக்க. இரு வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டி, அரைமணி ஆக்குக.

2. இலையில் பாதி காய்கறி, கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்பு அல்லது பயறு என அமைக்க. கிழங்கை விலக்கியோர்க்கு அவரை, புடலை, பீர்க்கு, சுரை, வெண்டை இருக்கின்றன. வயிறு நிறையுமுன் கையை எடுத்தலே அவமோதரியம்.

3. எண்ணெய்ப் பண்டத்தை அளந்து வாங்குக. குற்றாலச் சாரல் காலத்தில் கடைதோறும் நேந்திரங்காய் வறுவல் மணக்கும். அதில் 50 கிராம் சுமார் 250 கலோரி தரும். அதனைச் செலவிட ஒரு மணி நேரம் நடந்தாலும் போதாது. நெய்யைத் துறந்த நாளில் எண்ணெய்ப் பலகாரம் கூடினால் பயன் என்ன?

4. வாரத்தில் இருநாள் வலுவூட்டும் பயிற்சி செய்க. சுவரோரம் இட்ட நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து அமர்தல் முதியோர்க்கு ஏற்றது.

5. நாட்காட்டியில் குறியிடுக. மாதம் ஒருமுறை இடுப்பளவை எழுதுக.

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையைத் தேர்ந்தது. இளையோர் அதனை நாடுக. நம்போன்றோர் முதல்நாளே அத்துணைத் தொலைவு முயலவேண்டா.

தவறினால்

திருமணம் வரும், பயணம் வரும், ஒருநாள் நியமம் தவறும். அதனால் எல்லாம் கெட்டதென விட்டுவிடுவதே பெருந்தவறு. 2010இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், புதுச்செயல் வழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலர்க்கு 18 நாள், சிலர்க்கு 254 நாள் என்று கணக்கிட்டனர். ஒருநாள் தவறியது அதனைப் பெரிதும் பாதிக்கவில்லை. தவறை ஒப்பி மறுநாளே தொடர்வது நமக்குப் புதிதன்று. பிரதிக்கிரமணம் கற்பிப்பதும் அதுவே.

எச்சரிக்கை

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் ஆகாது. சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். அவர்கள் வெறுங்காலுடன் நடைப்பயிற்சி செய்தலும் கூடாது. நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும். முதியோர் விரைவாக மெலிந்தால் தசையும் குறையும். மெல்லக் குறைதலே நன்று.

மூன்றாண்டுகளாக நாம் இருவரும் இம்முறையில் நிற்கின்றோம். நமக்குக் குறைந்தது 4 கிலோவே. ஆனால் அது திரும்பவில்லை. சென்ற ஆடியில் ஒருநாள் சகோதரி, “அக்கா, சாரல் விடவில்லை, இன்று நடையை விட்டுவிடலாமா?” என்றார். “திண்ணை நனையவில்லை, வா” என்றோம். மெத்தென்ற செருப்பணிந்து, அரைமணியும் நம்முடன் நடந்தார்.

பயிற்சி (குடும்பத்தார் கூடி விடை எழுதுக)

அ. நம் இல்லத்தில் எவரெவர் இடுப்பளவு வரம்பைத் தாண்டியுள்ளது?

ஆ. இம்மாதம் ஏற்கத்தக்க ஒரே நியமம் யாது? எந்த வழக்கத்தோடு அதனைப் பிணைப்போம்?

இ. பாரணை நாளின் உணவை எவ்வாறு மாற்றுவோம்?