மணியைக் குறித்து வையுங்கள்: மலையில் தாய்மாருக்காகப் பேசும் நர்ஸ் ஆக

"நர்ஸாகி, பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்களுக்காகப் பேசணும்" என்று சொல்லும் பிளஸ் டூ மாணவியா நீங்கள்? நல்ல ஆசை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் ஆதங்கம் செல்லுபடி ஆகாது. பதிவேட்டில் ஏறிய வரிதான் செல்லும்.

எந்த வாசல் வழியாக நுழைவது என்று முடிவு செய்யுங்கள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்கும் பழங்குடிக் கிராமங்களுக்கும் நடந்து போகும் கிராம சுகாதாரச் செவிலியர் ஆக வேண்டுமென்றால் இரண்டாண்டு ஏ.என்.எம். போதும். பிரசவ அறையில் நிற்க விருப்பமென்றால் மூன்றாண்டு டிப்ளமோ அல்லது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பழங்குடி மாணவிகள் சாதிச் சான்றிதழை விண்ணப்பம் போடும் வாரத்தில் தேடாமல், ஒரு வருடம் முன்பே வாங்கி வைக்கட்டும்.

படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். அரசு வேலை, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு வழியாக. ஆரம்பத்தில் தொகுப்பூதியம்தான், நிரந்தரம் ஆவதற்குக் காத்திருக்க நேரலாம். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிரசவம் பார்ப்பதிலேயே ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு, மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 18 மாத மிட்வைஃபரி பயிற்சியும் இருக்கிறது.

அடுத்தது, பாடப்புத்தகத்தில் இல்லாத மலை. தமிழ்நாட்டின் மிகவும் நலிந்த பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனத்தாரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக் குறைபாடு முதன்முதலாக 1952-ல் கண்டறியப்பட்டதே இந்த மலைப் பழங்குடிகளிடம்தான். ஆகவே சோகை பிடித்து வரும் கர்ப்பிணியிடம் "ரத்தம் கம்மி, இரும்பு மாத்திரை போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மூட்டுவலி வந்து போகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். அரிவாள் செல் பரிசோதனைக்கு எழுதச் சொல்லி மருத்துவரை விடாமல் கேளுங்கள். பணியர் பேச்சில் நாலு வார்த்தை, படுகர் பேச்சில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் பதில் தானாக வரும். கூடலூரில் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்தது. வாய்ப்புக் கிடைத்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

பிரசவ அறைக்கு வருவோம். குழந்தை பிறந்ததும் தசையில் போடும் ஆக்ஸிடோசின் 10 யூனிட், உதிரப்போக்கைத் தடுக்கும் மருந்து. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆடி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், ஃபிரிட்ஜ் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுவது உங்கள் வேலை. உதிரம் போனால் 'அதிகம்' என்று எழுதாதீர்கள். நனைந்த துணியைத் தராசில் வையுங்கள், உலர்ந்த துணியின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. 500 மில்லியைத் தாண்டினால் அபாயம். 'அதிகம்' என்றால் யாரும் நகர மாட்டார்கள்; '650' என்றால் மருத்துவர் எழுந்து வருவார்.

இதே பழக்கம்தான் வாதாடுவதற்கும். கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றமும் வளைவும். ஒருத்தியை மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது வலி கண்ட நேரம், வண்டிக்குப் போன் போட்ட நேரம், வண்டி வந்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம் நான்கையும் குறியுங்கள். உதாரணமாக, இரவு 11.00, 11.20, 1.05, 2.50. ஆறு மாதம் இப்படி எழுதிய தாளுடன் மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்தால், 'இந்த எஸ்டேட் பக்கம் ஒரு 108 ஆம்புலன்ஸ் நிற்கட்டும்' என்ற கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். தமிழ்நாடு தாய் இறப்புகளை ஆராயத் தொடங்கியது 1994-ல். லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு 2018–20-ல் இந்தியா முழுதும் 97, இங்கே 54. இறப்புகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து விசாரித்ததற்கும் அதில் பங்குண்டு. அந்த விசாரணையில் முதலில் திறப்பது நீங்கள் எழுதிய கேஸ் ஷீட்டைத்தான். பிழைத்து வீடு திரும்பியவர்களின் கதையையும் எழுதி வையுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களாகக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்த தோட்டத் தொழிலாளி, தற்காலிகமானாலும், முதல் இரண்டு குழந்தைக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு பெறலாம். கொழுந்து பறிக்கும் அக்காவிடம் பிரஷர் பார்க்கும்போதே, தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலைப் பற்றி, "அக்கா, செக்ரோல்ல எத்தனை நாள் ஏறியிருக்கு?" என்று கேட்டுவிடுங்கள்.

பிரசவ அறைக்குள் கூடவே ஒரு பெண் துணை இருக்கத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதலே அனுமதி உண்டு. நடைமுறையில் துணைக்கு வந்தவர் வெளி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். உங்கள் முதல் நைட் டியூட்டியில், அந்த அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே அழைத்து வந்து, மகளின் தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள்.