பிஎல்சி வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால், ரோச்சோர் கால்வாய்க்கு அருகே நிற்கிறது சிம் லிம் டவர். ரிலே, சென்சார், காண்டாக்டர், டெர்மினல் பிளாக் என்று ஒரு கண்ட்ரோல் பேனலுக்கு வேண்டியவை அங்குள்ள கடைகளில் கிடைக்கும். கணினி வாங்கக் கூட்டம் போகும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. ஓர் உணவுத் தொழிற்சாலைக்கோ, ஒரு கட்டடத்தின் பம்பு அறைக்கோ பிஎல்சி என்ற புரோகிராம் செய்யத்தக்க கட்டுப்பாட்டுக் கருவியை வாங்க வருகிறவர் வழக்கமாகக் கேட்பது மூன்று: எத்தனை இன்புட், எத்தனை அவுட்புட், என்ன விலை. மூன்றும் தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றிலிருந்து தொடங்கினால் தேர்வு பெரும்பாலும் தவறிவிடும் என்பது என் வாதம். இந்தக் கட்டுப்பாட்டுக் கருவி நின்றுபோனால் அல்லது பொய்யான அளவை நம்பிவிட்டால் என்ன ஆகும், அப்போது யார் வந்து எதை வைத்துச் சரிசெய்வார் என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்கு நேர்மையான பதில் கிடைத்தால், எந்த வகை, எந்த பிராண்டு என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சிங்கப்பூர் இதற்குக் கொடுத்த பாடம் பெரியது. 2017 அக்டோபர் 7ஆம் தேதி மாலை பெய்த கனமழையில் பீஷானுக்கும் பிரேடலுக்கும் இடையே எம்ஆர்டி சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. வடக்கு-தெற்கு ரயில் பாதையின் ஒரு பகுதியில் சேவை மீண்டும் தொடங்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆனது. மழைநீரைத் தேக்கி வெளியேற்றும் குழியும் இருந்தது, பம்புகளும் இருந்தன. தண்ணீர் ஏறியதை உணர்ந்து பம்புகளை ஓடவைக்க வேண்டிய ஃப்ளோட் சுவிட்சுகள் வேலை செய்யவில்லை. செய்யாத பராமரிப்பைச் செய்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. அந்த இடத்தில் உலகின் மிக வேகமான கண்ட்ரோலரை வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. கண்ட்ரோலருக்குக் கண் கிடையாது, சுவிட்ச் சொல்வதுதான் அதற்குத் தெரியும். பின்னர் ஃப்ளோட் சுவிட்சுகளை மாற்றியதோடு, அவற்றைச் சாராமல் நீர்மட்டத்தை அளக்கும் ரேடார் சென்சார்களையும் சேர்த்தார்கள். ஒரே அளவை இரண்டு வெவ்வேறு வழிகளில் எடுப்பது என்ற இந்தத் தீர்வை எந்தச் சிறிய பம்பு அறையிலும் செய்யலாம். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் கண்ட்ரோலரில் ஒரு படி இறங்கி வாருங்கள். இரண்டாவது சென்சாரில் கைவைக்காதீர்கள்.

இதே பிரச்சினையைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஐடிரஸ்ட் ஆய்வு மையத்தில் ஸ்வாட் என்ற சிறிய நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2015 முதல் இயங்குகிறது. ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஎல்சி, அதற்குத் துணையாக இன்னொன்று. அதை 11 நாள் இடைவிடாமல் ஓட்டினார்கள். முதல் 7 நாள் இயல்பாக ஓடவிட்டு, அடுத்த 4 நாளில் நெட்வொர்க் வழியாக 36 தாக்குதல்களை நடத்தி, கிடைத்த தரவை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு தாக்குதல் பம்பு அறை வைத்திருக்கும் எவருக்கும் புரியும். மூலநீர்த் தொட்டியின் மட்டத்தைக் காட்டும் எண்ணை நொடிக்கு 1 மில்லிமீட்டர் வீதம் பொய்யாக உயர்த்திக்கொண்டே போவது. பிஎல்சி, தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று நம்பும். உண்மையில் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும், பம்பு வறண்டு ஓடிக் கெடும். எங்கும் திடீர்த் தாவல் இல்லாததால் வழக்கமான அலாரம் எதுவும் எழாது. இதைப் பிடிக்க ஒரு வழி எளிய கணக்கு: உள்ளே வரும் நீரோட்டமும் வெளியே போகும் நீரோட்டமும் தெரிந்தால், மட்டம் எவ்வளவு மாற வேண்டும் என்பது தெரியும். மாறியது அதோடு பொருந்தாவிட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள், அது சென்சாராக இருந்தாலும் சரி, திருடனாக இருந்தாலும் சரி.

இந்தக் கணக்கை எளிதாகப் போட முடியுமா முடியாதா என்பதே வகைகளுக்கு இடையிலான முதல் எல்லைக்கோடு. சீமென்ஸ் லோகோ போன்ற ஸ்மார்ட் ரிலேக்கள் மலிவானவை, சின்ன வேலைக்கு மிக நல்லவை. ஒரு கதவு, ஒரு விளக்கு வரிசை, நின்றால் யாருக்கும் ஆபத்தில்லாத ஒரு கன்வேயர் என்றால் அதற்கு மேல் செலவழிப்பது வீண். ஆனால் மட்டம், அழுத்தம், வெப்பம் என்று தொடர்ந்து மாறும் அளவுகள் வந்துவிட்டால், அனலாக் இன்புட் தாராளமாகச் சேர்க்கக்கூடிய காம்பாக்ட் பிஎல்சிக்குப் போங்கள். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5, ஓம்ரான் சிபி, சீமென்ஸ் எஸ்7-1200, ஷ்னைடர் எம்221 எல்லாம் இந்த வரிசை. சென்சாரை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலில் வாங்குங்கள். அளவு பூஜ்யமாக இருந்தாலும் கம்பியில் 4 மில்லி ஆம்பியர் ஓடும். கம்பி அறுந்தால் அது பூஜ்யமாகும், அறுந்தது என்று பிஎல்சிக்கு உடனே தெரியும். 0 முதல் 10 வோல்ட் சிக்னலில் அறுந்த கம்பியும் காலித் தொட்டியும் பிஎல்சிக்கு ஒன்றுபோலவே தெரியக்கூடும். விலைப்பட்டியலில் ஒரே வரியில் வரும் இந்த வேறுபாடு, நள்ளிரவில் ஒரு தொட்டி வழிவதையோ வறள்வதையோ தீர்மானிக்கும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வேலை சிறியதென்றால் கருவியும் சிறியதாக இருந்தால் போதாதா? போதாது. ரோச்சோர் கால்வாயின் நீர் போய்ச் சேரும் மரினா நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் அடிப்படைத் தர்க்கத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் கதவுகளைத் திறந்து நீரை வெளியே விடு, கடல் ஏறியிருந்தால் பம்புகளை ஓட்டு. கதவுகள் 9, பம்புகள் 7, ஒவ்வொரு பம்பும் விநாடிக்கு 40 கன மீட்டர் நீரைத் தள்ளக்கூடியது. தர்க்கம் சிறியது, ஆனால் அது காப்பவற்றில் சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் ஆகிய தாழ்வான பகுதிகள் அடங்கும். ஆகவே புரோகிராமின் நீளத்தைப் பார்க்காமல் விளைவின் அளவைப் பாருங்கள். நின்றால் உயிருக்கோ ஊருக்கோ ஆபத்து என்றால், ஒன்று நின்றதும் மற்றொன்று ஏற்கும் இரட்டை சிபியு கொண்ட மாடுலர் பிஎல்சி நியாயமான செலவு. எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் சாதாரண பிஎல்சியின் புரோகிராமை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு சேஃப்டி ரிலே அல்லது சேஃப்டி பிஎல்சி வேண்டும்.

இன்னும் மேலே போனால் டிசிஎஸ் என்ற பரவலாக்கிய கட்டுப்பாட்டு அமைப்பு வருகிறது. 1975இல் ஹனிவெல்லும் யோகோகாவாவும் தொடங்கிவைத்த இந்த வகை, ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகளைப் போல ஆயிரக்கணக்கான அளவுகள் ஒன்றையொன்று பாதித்தபடி நாள் முழுக்க ஓடும் இடங்களுக்கு உரியது. அங்கே திரை, அலாரம், வரலாற்றுப் பதிவு, கட்டுப்பாடு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதே பலம். பெட்டி அடைக்கும் இயந்திரத்துக்கு அது தேவையில்லை. பிஎல்சியும், திரையில் கண்காணிக்க உதவும் ஸ்காடா மென்பொருளும் சேர்ந்தால் நடுத்தர ஆலைகளை நன்றாகவே ஓட்டலாம். இதில் நான் நீண்ட வாதம் செய்யப் போவதில்லை, டிசிஎஸ் தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவை என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இன்னோர் ஆட்சேபம் இளைய பொறியாளர்களிடமிருந்து வருகிறது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி பல காம்பாக்ட் பிஎல்சிகளைவிட வேகமானது, பைத்தானில் எழுதலாம், விலை மிகக் குறைவு, பிறகு எதற்கு பிஎல்சி? வேகம் பற்றி அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் பிஎல்சியை வாங்குவது வேகத்துக்காக அல்ல. இன்புட்டைப் படி, புரோகிராமை ஓட்டு, அவுட்புட்டை எழுது என்ற சுற்றை அது குறித்த நேரத்துக்குள் முடிக்கும், முடியாவிட்டால் தானே அறிந்து நின்றுவிடும். சட்டென்று மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கச் செய்யலாம். சாதாரண மெமரி கார்டில் ஓடும் கணினிக்கு எதிர்பாராத மின்வெட்டே எமன். தரவைச் சேகரிக்க, திரையில் காட்ட அந்தச் சிறு கணினியைப் பக்கத்தில் வையுங்கள், நல்ல துணை. வால்வைத் திறக்கும் பொறுப்பை அதனிடம் கொடுக்காதீர்கள்.

பிராண்டுக்கு வருவோம். 1993இல் முதலில் வெளிவந்த ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரம் லேடர், ஃபங்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் போன்ற மொழிகளை வரையறுத்துவிட்டதால் எந்த பிராண்டு வாங்கினாலும் ஒன்றுதான் என்று சொல்வோர் உண்டு. மொழி ஒன்றாக இருப்பதால் கற்றவருக்கு மாறுவது எளிதாகிறது, அது பெரிய நன்மை. ஆனால் ஒரு பிராண்டில் எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்து இன்னொன்றில் ஏற்றிவிட முடியாது. நினைவக முகவரிகள், ஆயத்த பிளாக்குகள், நெட்வொர்க் அமைப்பு எல்லாம் ஆளுக்கு ஒரு விதம். ஆகவே உங்கள் ஆலையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானிய இயந்திரங்களோடு பெரும்பாலும் மிட்சுபிஷியோ ஓம்ரானோ வரும், ஐரோப்பிய இயந்திரங்களோடு சீமென்ஸோ ஷ்னைடரோ, அமெரிக்க இயந்திரங்களோடு ஆலன்-பிராட்லி. உங்கள் டெக்னீஷியன் எதில் கை பழகியிருக்கிறாரோ அதற்கே முதலிடம் கொடுங்கள். இங்கே பம்பு அறைகளிலும் ஆலைகளிலும் இரவுப் பணி பார்ப்போரில் தமிழ்நாட்டிலிருந்து வந்த டெக்னீஷியன்கள் பலர். அவர்கள் கையில் மடிக்கணினியும் மென்பொருளும் இல்லாமல் நல்ல பிராண்டு வாங்கி என்ன பயன்? ஷ்னைடர் எம்221க்கும் டெல்டா பிராண்டின் பல பிஎல்சிகளுக்கும் புரோகிராம் எழுதும் மென்பொருள் இலவசம். எஸ்7-1200க்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தத் தொகையையும் பெட்டியின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

நெட்வொர்க் இணைப்பு இன்றைக்குத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசியில் தொட்டி மட்டம் தெரிவது உண்மையான வசதி. ஆனால் 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா ஊரின் நீர் அமைப்பில் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்று வெளியாரின் கைக்குப் போனது. ஊழியர்கள் அந்த நிலையத்தைக் கையால் இயக்க வேண்டியதாயிற்று. அந்த நாள்களில் தாக்கப்பட்ட அதே வகைக் கருவிகள் இணையத்தில் நேரடியாகத் திறந்து கிடந்தன, தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் 1111 மாற்றப்படாமலே இருந்தது. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் நீர், எரிசக்தி, போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்புகளுக்குக் கடமைகளை விதிக்கிறது. உங்கள் சிறு ஆலை அதில் வராமல் போகலாம், தாக்குகிறவர் அதைப் பார்த்து வருவதில்லை. ஆகவே பயனருக்கு ஏற்ப அனுமதி பிரிக்கும் வசதி உள்ளதா, முன்பக்கச் சாவியை ரன் நிலையில் பூட்டினால் புரோகிராமை மாற்ற முடியாதா என்று பார்த்து வாங்குங்கள். தொலைவிலிருந்து வரும் இணைப்பு விபிஎன் வழியாக மட்டுமே வரட்டும்.

கடைசியாக, ஒப்பந்தக்காரரிடம் பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் நான்கு பொருளைக் கையில் வாங்குங்கள்: விளக்கக் குறிப்புகளோடு கூடிய மூலப் புரோகிராம், அதன் கடவுச்சொல், இன்புட்-அவுட்புட் பட்டியல், பேனலின் திருத்திய மின்வரைபடம். இவை இல்லாத பிஎல்சி உங்களுடையது அல்ல. ஏற்கெனவே ஓடும் பேனல்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். உலகெங்கும் ஆலைகளில் நிறைந்திருக்கும் சீமென்ஸ் எஸ்7-300 வரிசையை விற்பனையிலிருந்து விலக்கும் கட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது, உதிரிகள் 2033 வரைதான் கிடைக்கும். உங்கள் பேனலில் அது இருந்தால், மாற்றும் வேலையை அடுத்த ஆண்டு பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.