வயலுக்கு யார் காவல்?

ஆரியங்கோடு ஒரு கிராமப் பஞ்சாயத்து. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை, வெள்ளறடை, பாறசாலை எல்லாம் அதன் சுற்றுவட்டார ஊர்கள்.

இந்தப் பக்கத்தில் மேட்டு நிலத்தை விளை என்பார்கள். பள்ளத்தில் இருப்பது வயல். வயல்கள் சேர்ந்த பரப்பு ஏலா. விளையில் ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் வளரும். ஏலாவில் நெல் விளையும்.

ஏலா தருவது நெல் மட்டுமா? இல்லை. இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் பெய்யும் மழை வரப்புக்குள் நிற்கிறது. மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது. வயலை மண் கொட்டி நிரப்பினால் என்ன ஆகும்? மழைநீர் நிற்க இடம் இல்லை. வாய்க்கால் அடைபடும். அடுத்த வயலில் தண்ணீர் தேங்கும், அல்லது தண்ணீரே வராது. கிணறும் வற்றலாம். வயல் ஒருவருடையது. தண்ணீரோ எல்லோருக்கும் உரியது.

வாழை வைத்த வயலில் மறுபடியும் நெல் விதைக்கலாம். மண் நிரப்பிய வயலை மீட்பது மிகவும் கடினம்.

கேரளத்தில் 1974-75ஆம் ஆண்டில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. 2007-08இல் அது சுமார் 2.3 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. நான்கில் மூன்று பங்கு போய்விட்டது.

கேட்க நீங்கள் யார்?

ஓர் ஏலாவில் ஒருவர் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரார் நாலு பேர் போய்த் தடுக்கிறார்கள். "இது என் நிலம். கேட்க நீங்கள் யார்?" என்கிறார் அவர். நாலு பேரும் நல்லவர்கள். ஊர்மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

பதில் வேண்டுமானால் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் என்றால், 'இவர்களுக்கு இந்தப் பொறுப்பு உண்டு' என்று சட்டம் ஏற்றுக்கொள்வது.

சட்டம் ஏற்ற குழுக்கள்

2008ஆம் ஆண்டில் கேரளத்தில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பஞ்சாயத்துத் தலைவர். கூட்டத்தைக் கூட்டுபவர் கிருஷி பவன் அதிகாரி. வில்லேஜ் ஆபீஸரும் உறுப்பினர். இவர்களோடு நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் மூன்று பேர் இருப்பார்கள்.

இந்த மூன்று இடங்களும் மிக முக்கியமானவை. எந்த வயலில் எந்தப் பக்கம் தண்ணீர் வரும், எந்த மடை அடைந்தால் யாருக்குக் கேடு என்பது ஏலாவில் கால் வைத்தவருக்கே தெரியும்.

பாடசேகர சமிதி என்பது வேறு. அது ஓர் ஏலாவில் பயிர் செய்யும் விவசாயிகளின் கூட்டு. அது விதிப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லாவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் வெறும் கூட்டம்தான்.

குழுவின் வேலை

குழு வயல்களைப் போய்ப் பார்க்க வேண்டும். தரிசாகக் கிடந்தால் காரணம் கேட்க வேண்டும். பயிர் செய்யத் தூண்ட வேண்டும். சட்டத்தை மீறி நிரப்புவதைத் தடுக்க வேண்டும்.

ஒருவருக்கு வீடு கட்ட வேறு இடமே இல்லை என்றால்? சட்டம் அதையும் எண்ணிப் பார்க்கிறது. பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை அனுமதி கேட்கலாம். மாவட்டத்தில் அவருக்கு வேறு தகுந்த நிலம் இருக்கக் கூடாது. பக்கத்து வயலின் நீரோட்டமும் கெடக் கூடாது. குழு பார்த்துப் பரிந்துரை செய்யும். மேல்குழு முடிவு செய்யும்.

சட்டத்தை மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகம் 2 ஆண்டு சிறைத் தண்டனை உண்டு. 50 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிரப்பிய வயலைப் பழையபடி ஆக்கக் கலெக்டர் உத்தரவிடலாம்.

பட்டியலைப் படியுங்கள்

குழுவின் பெரிய வேலை ஒன்று உண்டு. பஞ்சாயத்தில் உள்ள நெல்வயல்களின் பட்டியலைத் தயாரிப்பது. இதை டேட்டா பேங்க் என்பார்கள். அதில் வயலின் சர்வே நம்பர் இருக்கும். அரசிதழில் வெளியிடுவார்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனாலும் நட்டம். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. பட்டியலில் வராத நிலத்தை, அனுமதி பெற்று வேறு பயனுக்கு மாற்ற வழி வந்தது. உண்மையான வயல் பட்டியலில் இல்லை என்றால் அதன் காவல் குறைந்துவிடும்.

மாறாகவும் நடக்கும். பல ஆண்டுகளாகத் தென்னை நிற்கும் விளை, வயல் என்று பட்டியலில் ஏறிவிடும். வீடு கட்டக் காத்திருக்கும் ஏழை தவிப்பார். அவர் 5ஆம் எண் படிவத்தில் விண்ணப்பம் தரலாம். ஆர்.டி.ஓ. அல்லது டெபுடி கலெக்டர் விசாரித்து முடிவு செய்வார்.

ஆகவே பட்டியலைப் படிக்கத் தெரிந்தவரே நிலத்தைக் காக்க முடியும். கையெழுத்துப் போடக் கற்றது போதாது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றும் படிக்க வேண்டும்.

அங்கீகாரம் ஒருமுறை போதுமா?

அமெரிக்காவில் நிலங்களைக் காக்கும் மக்கள் அமைப்புகள் பல உண்டு. அவற்றைச் சோதித்துச் சான்று தர 2006இல் ஓர் ஆணையம் ஏற்பட்டது. 2008இல் முதல் சான்றுகள் தரப்பட்டன. கணக்கு சரியா, நிலத்தைப் போய்ப் பார்க்கிறார்களா என்று கேட்பார்கள். சான்று 5 ஆண்டுக்குத்தான். பிறகு மீண்டும் சோதனை.

நம் ஊர்க் குழுவுக்கும் இது பொருந்தும். கூடாத குழு காவல் காக்காது. குறிப்பு எழுதாத குழுவின் பேச்சு நிற்காது. சட்டம் குழுவுக்கு அதிகாரம் தரும். அதை நடக்க வைப்பது ஊர் மக்கள்தான்.

சொற்களை அறிவோம்

அங்கீகாரம் – சட்டப்படி ஏற்றுக்கொள்ளுதல்
தரிசு – பயிர் செய்யாத நிலம்
பரிந்துரை – செய்யலாம் என்று சொல்லி அனுப்புதல்

பதில் சொல்லுங்கள்

1. வயலை நிரப்பினால் கிணறு ஏன் வற்றலாம்?
2. கண்காணிப்புக் குழுவில் விவசாயிகள் எத்தனை பேர்?
3. வயல் பட்டியலில் தவறு இருந்தால் யாருக்கு நட்டம்?

செய்து பாருங்கள்

உங்கள் கரம் தீர்த்த ரசீதை எடுங்கள். அதில் உள்ள சர்வே நம்பரை எழுதுங்கள். கிருஷி பவனுக்குப் போய், பட்டியலில் அந்த நம்பர் உண்டா என்று பாருங்கள். உங்கள் பஞ்சாயத்தில் குழு கடைசியாக எப்போது கூடியது என்றும் கேளுங்கள்.