ஹோம் தியேட்டர் எத்தனை வருஷம் உழைக்கும்?



சென்ற இதழில் மிக்சி, கிரைண்டர் பராமரிப்பு பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் பாட்டுப் பெட்டி. சிரிக்காதீர்கள். உள்கடன் விண்ணப்பத்தில் 'வீட்டு உபயோகப் பொருள்' என்று எழுதியிருப்பதை, என்ன பொருள் என்று கேட்டால், சிலர் தயங்கித் தயங்கி "ஹோம் தியேட்டர் மேடம்" என்கிறார்கள். வாங்குவது தப்பு என்று சொல்ல இந்தப் பாடம் இல்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்கள் நல்ல சத்தத்தில் ஒரு படம் பார்க்க ஆசைப்படுவதில் என்ன குற்றம்? ஆனால் கடன் புத்தகத்தில் நம்ம பேரு இருக்கு. ரிமோட் பெரும்பாலும் வேறு யார் கையிலோ இருக்கு. "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் ஒதுங்கிக்கொண்டால், தவணை மட்டும் பொம்பளைங்க சமாச்சாரமாகிவிடும்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செட் ரூ.9,000 என்று வைத்துக்கொள்வோம். குழுவில் உள்கடன், 18 தவணை, மாதம் ரூ.500 அசல், 100க்கு மாதம் 2 ரூபாய் வட்டி, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மொத்த வட்டி ரூ.1,710. ஆக, அந்தப் பெட்டியின் உண்மையான விலை ரூ.10,710. ஒரு வருஷ வாரண்டி முடிந்து, 14வது மாதத்தில் பெட்டி நின்றுபோனால், சத்தம் கேட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ரூ.765 கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். அதில் ரூ.2,100 இன்னும் கட்ட வேண்டியிருக்கும். அதே பெட்டி 7 வருஷம் உழைத்தால் மாதம் ரூ.127.50தான். பெட்டி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். எத்தனை வருஷம் ஓடுகிறது என்பதில்தான் நம்ம பணம் இருக்கு.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

5.1 என்று சொல்கிறார்களே, அது ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு பெரிய ஊஃபரும் சேர்ந்தது. சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிபயர், பல செட்களில் ஊஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் அல்லது சின்ன பவர் போர்டு. சில செட்களில் டிவிடி ஓடுகிற தட்டு. எல்லாப் பாகமும் ஒரே நாளில் சாகாது. டிவிடி தட்டின் லென்ஸ் முதலில் போகும். தூசி பிடிக்கும், தேயும். அதனால் செட்டே போச்சு என்று நினைக்க வேண்டாம். பின்பக்கத்தில் சிவப்பு, வெள்ளை பின் குத்துகிற ஆக்ஸ் ஓட்டை இருந்தால் செட்டாப் பாக்சிலிருந்தோ செல்போனிலிருந்தோ பாட்டு கொடுக்கலாம். புளூடூத், பென்டிரைவ் ஓடுகிற சின்ன போர்டை மெக்கானிக் குறைந்த செலவில் மாட்டித் தருவார். 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிக்குப் பின்னாடியே ஊருக்குள் வந்த பழைய டிவிடி ஹோம் தியேட்டர்களில் சில, இப்படித்தான் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன.

ஆம்ப்ளிபயருக்குள் நமக்குத் தெரிந்த ஒரு சாமான் இருக்கு: கண்டன்சர். பேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர் மாற்றுகிறோமே, அந்தச் சாதியைச் சேர்ந்ததுதான். இங்கே இருப்பது சின்ன டப்பா மாதிரி நிற்கும். உள்ளே ஒரு திரவம் இருக்கும். சூட்டில் அது மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். காய்ந்தால் டப்பாவின் தலை உப்பிக்கொள்ளும். பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். அல்லது செட் ஆன் ஆகி உடனே ஆப் ஆகிவிடும். இந்த இரைச்சலைக் கேட்டவுடன் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சின்னச் செலவில் முடியும். கேட்டுக்கொண்டே ஓட்டினால் மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

சூடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. கண்டன்சர் மேல் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். சாதாரண 85 டிகிரி கண்டன்சர் ஒன்று, அந்த 85 டிகிரிச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 8,000 மணி நேரம். தினம் 4 மணி நேரம் ஓட்டினால் ஐந்தரை வருஷம். காற்றோட்டமாக வைத்து உள்ளே 45 டிகிரிதான் என்றால் 32,000 மணி நேரம். 20 வருஷத்துக்கு மேல். இது தோராயக் கணக்குத்தான், மற்ற காரணங்களும் இருக்கு. ஆனாலும் ஒரு முழம் இடம் விட்டு வைப்பதில் இவ்வளவு வித்தியாசம்!

நம்ம வீடுகளில் எங்கே வைக்கிறோம்? ஷோகேஸுக்குள், கதவு சாத்தி. அல்லது டிவிக்குப் பின்னாடி, சுவரோடு ஒட்டி. அழகுக்கு ஒரு பின்னல் துணி மேலே. அந்தத் துணியை ஓடும்போது எடுத்துவிட வேண்டும், ஓடி முடிந்து சூடு ஆறிய பிறகு போர்த்த வேண்டும். பின்பக்கமும் மேலேயும் அரை அடியாவது இடம் வேண்டும். விறகடுப்பு இருக்கிற வீட்டில் சமையலறைச் சுவர் ஓரம் வேண்டாம். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து ஓட்டைகளைக் களிம்பு மாதிரி அடைத்துவிடும்.

இன்னொன்று, ரிமோட்டில் ஆப் செய்தால் செட் தூங்குகிறதே தவிர அணைவதில்லை. சிவப்பு லைட் எரிகிறதல்லவா? உள்ளே ஒரு பகுதி 24 மணி நேரமும் லேசான சூட்டில் இருக்கு. அந்த இதமான சூடு பல்லிக்கும் எறும்புக்கும் ரொம்பப் பிடிக்கும். போர்டின் மேல் பல்லி குறுக்கே படுத்துக் கரண்ட் அடித்தால் பல்லியும் போகும், போர்டும் போகும். எந்த வாரண்டியும் பல்லிக்குக் கிடையாது. படம் முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். தூங்கும்போது 5 வாட்ஸ் எடுக்கிற செட் என்றால் வருஷத்துக்கு அதிகபட்சம் 44 யூனிட் வரை மிச்சம்.

கரண்ட்டு

சூட்டுக்கு அடுத்த எதிரி இது. நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரத்தில் ஏறி இறங்கும். அதனால் கரண்ட் போனவுடன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுவது நல்லது. இதைவிட ஆபத்தானது தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்துபோவது. அப்போது சில வீட்டில் லைட் மங்கும், சில வீட்டில் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரியும். வோல்டேஜ் 400 பக்கம் கூட ஏறலாம். லைட் அப்படிப் பளீரென்று எரிந்தால் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள். இடி மின்னல் சமயத்தில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. வானம் இருட்டும்போதே பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்கிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரில் கை வைக்காதீர்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதை மறக்கக் கூடாது.

மூணு பின் பிளக்கில் ஒரு பின்னை உடைத்து ரெண்டு பின் ஓட்டையில் செருகுகிறவர்கள் உண்டு. அந்தப் பெரிய பின்தான் எர்த். அது செட்டுக்காக இல்லை, தொடுகிற பிள்ளைக்காக.

விசேஷ வீட்டில் பாடினால்

ஒரு ஊரில் காதணி விழாவுக்கு மைக் செட் வாடகை மிச்சம் என்று, வீட்டு ஹோம் தியேட்டரைத் தூக்கித் திண்ணையில் வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை முழு வால்யூமில் ஓட்டினார்கள். சத்தம் பத்தவில்லை என்று பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் ரெண்டையும் அதே முனையில் சேர்த்து மாட்டினார்கள். மூணு மணிக்குக் கருகல் வாசனை, அப்புறம் மௌனம். இதில் ரெண்டு விஷயம் நடந்திருக்கு.

ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கும். ரெண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே முனையில் சேர்த்து மாட்டினால் ஆம்ப்ளிபயருக்கு அது 2 ஓமாகத் தெரியும். ஒரு ஆள் சுமக்க வேண்டிய மூட்டைக்குப் பதில் ரெண்டு மூட்டை. ஐ.சி. சூடேறிக் கருகும். இரண்டாவது, வால்யூமைத் தாங்குகிற அளவுக்கு மேல் திருப்பினால் சத்தம் 'கரகர' என்று உடையும். அந்த உடைந்த சத்தம்தான் ஸ்பீக்கருக்குள் இருக்கிற மெல்லிய செம்புக் காயிலை எரிக்கிறது. சின்ன டுவீட்டர்தான் முதலில் போகும். கரகரப்பு தொடங்குகிற இடத்தைக் காதால் கண்டுபிடித்து, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குச் செய்த பெட்டி தெருவுக்குப் பாடாது. விசேஷத்துக்கு மைக் செட்காரரிடமே வாடகைக்கு எடுங்கள், அவரும் பிழைக்கட்டும்.

ஸ்பீக்கர் வயரின் செம்பு நூல் ஒன்று மற்ற முனையைத் தொட்டாலும் இதே கதிதான். ஸ்விட்சை அணைத்து, நூலை முறுக்கி, பிறகு மாட்டுங்கள். ஊஃபரின் காற்று ஓட்டை வழியாக எலி உள்ளே போய் வயரைக் கடிக்கிற வீடுகளில் அந்த ஓட்டைக்குக் கொசுவலைக் கம்பி வைக்கலாம்.

கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ஸ்பாஞ்சாக இருந்தால் நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருஷத்தில் தொட்டாலே உதிரும். ரப்பராக இருந்தால் இன்னும் கூடத் தாங்கும். உதிர்ந்தாலும் வளையத்தை மட்டும் மாற்றலாம், காயில் கட்டலாம். ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

வாங்கும்போது

அட்டைப்பெட்டியில் 3000 வாட்ஸ், 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் செட்டைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 'கரண்ட் எடுப்பது 60 வாட்ஸ்' என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். 60 வாட்ஸ் சாப்பிடுகிற பெட்டி 3000 வாட்ஸ் வேலையை எப்படிச் செய்யும்? ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் படிக்கத் தெரியுமே நமக்கு.

அதைவிட முக்கியமான கேள்வி: கெட்டால் யார் சரி செய்வார்? வாங்குவதற்கு முன்னால் பக்கத்து டவுனில் இருக்கிற மெக்கானிக்கிடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் செட்கள் கனமாக இருக்கும், ஆனால் பாகம் பாகமாகப் பழுது பார்க்கலாம். இப்போது வருகிற ஒல்லியான சவுண்ட்பார்களில் பலவற்றில் எல்லாம் ஒரே போர்டு. போனால் போர்டையே மாற்று என்பார்கள். சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கர் என்றால் பேட்டரிதான் முதலில் போகும். ஆயுத பூஜைக்கு எடுத்துவிட்டுப் பொங்கல் வரை சார்ஜ் இல்லாமல் மூலையில் போட்டால் பேட்டரி செத்துவிடும். உபயோகிக்காவிட்டாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள்.

"பில் வேண்டாம்னா ஐநூறு ரூபா குறைச்சுத் தரேன்" என்பார்கள். வேண்டாம். பில், கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி கார்டு, செட்டின் சீரியல் நம்பர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் செட் 11வது மாதத்தில் நின்றது. கடையில் "நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க" என்று 13வது மாதம் வரை இழுத்து, பிறகு "வாரண்டி முடிஞ்சு போச்சே அக்கா" என்றார்கள். நல்லவேளை, 11வது மாதமே அவர் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்திருந்தார், புகார் எண் செல்போனில் இருந்தது. அதைக் காட்டிய பிறகு இலவசமாகச் சரி செய்து கொடுத்தார்கள். வாயால் சொன்ன புகாருக்குத் தேதி கிடையாது, குறுஞ்செய்திக்கு உண்டு.

அப்படியும் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, பிரச்சினை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

குழுவில் இந்தக் கடன் கேட்டு வந்தால், வாரண்டி எத்தனை மாதமோ அதற்குள் தவணை முடிகிற மாதிரி தீர்மானம் போடலாமா என்று பேசிப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் 12 தவணை என்றால் மாதம் அசல் ரூ.750, மொத்த வட்டி ரூ.1,170தான் வரும். கட்டுவது கொஞ்சம் சிரமம், ஆனால் ஓடாத பெட்டிக்குத் தவணை கட்டுகிற சிரமத்தைவிடக் குறைவு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற டிவி, ஹோம் தியேட்டர், எதுவாக இருந்தாலும் அதன் பில்லையும் வாரண்டி கார்டையும் தேடி எடுத்து வாருங்கள். பிரதிநிதிகள் அவற்றின் தேதியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கிறவர்கள், சின்ன இரைச்சல் இருந்தாலும் இப்போதே புகார் பதிவு செய்துவிடுங்கள்.