மொட்டைமாடித் தக்காளியும் போர் தண்ணீரும்

"சார், செடி தளதளன்னு வளருது. பூவும் வைக்குது. ஆனா பூ கொட்டிடுது, இலை ஓரமெல்லாம் கருகுது. என்ன மருந்து அடிக்கலாம்?"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மொட்டைமாடியில் தோட்டம் போட்டவர்களிடமிருந்து பங்குனி பிறந்ததும் வருகிற கேள்வி இது. இதுவரை அடித்துப் பார்த்தவற்றின் பட்டியலும் கூடவே வரும்: பஞ்சகவ்யம், மீன் அமிலம், வேப்பெண்ணெய், யாரோ வீடியோவில் சொன்ன முட்டை எலுமிச்சைக் கரைசல். எல்லாம் இயற்கைதான், எதற்கும் செடி மசியவில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

சென்னையின் மேற்குப் புறநகரில் பல வீடுகளுக்கு போரும் லாரியும்தான் கதி. உப்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினால், அடுத்து வரும் மழையில் உப்பு கரைந்து கீழே இறங்கிவிடும். செடி வளர்க்கும் பைக்குள் அதற்கு வழி குறைவு. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்குகிறது. சித்திரை வெயிலில் இரண்டு வேளையும் அதே தண்ணீரை ஊற்றுகிறோம், உப்பு இன்னும் ஏறுகிறது. பையின் விளிம்பையும் அடித்துளையைச் சுற்றியும் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும். பூஞ்சணம் என்று பயந்து அதற்கும் மருந்து அடிப்பவர்கள் உண்டு. விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது உப்பு. இலையிலும் அடையாளம் தெரியும். நுனியிலும் ஓரத்திலும் காய்ந்து, காய்ந்த பட்டை உள்நோக்கி நகரும். பூஞ்சை நோய் என்றால் பெரும்பாலும் இலைப் பரப்பில் ஆங்காங்கே புள்ளிகளாகத் தொடங்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தோட்டத்துக்காக நீங்கள் வாங்கும் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும், உரமும் விதையும் பிறகு. 500-க்குள் காட்டினால் கவலை வேண்டாம். ஆயிரம் வரை சமாளிக்கலாம். 1500-ஐத் தாண்டினால் பீன்ஸ், கேரட், வெங்காயம் பக்கமே போகாதீர்கள், அவை உப்புக்கு முதலில் சுருளும் பயிர்கள். கொத்தவரை, பாலக், பருப்புக்கீரை தாங்கும். அதிலும் கொத்தவரைக்கு வெயிலும் உப்பும் ஒரு பொருட்டே அல்ல. நம் ஊர் மாடிக்கென்றே பிறந்த காய், ஆனால் ஏனோ அதை யாரும் விரும்பி நடுவதில்லை.

தண்ணீர் சிக்கனம் என்ற பெயரில் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிடுவது இப்போது பரவிவருகிறது. மீட்டரை அதில் நனைத்துப் பாருங்கள். போர் தண்ணீரைவிட எண் கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரும் பைச் செடிக்கு ஆகாது. இதற்கு நேர்மாறானது ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் உப்பு ஏறக்குறைய இல்லை. இரவு முழுக்க ஒரு வாளியில் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் நாற்றுகளுக்குப் போதும். அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது, உப்பு போடாதவரை.

பூ கொட்டுவதற்கு உப்பு மட்டும் காரணமல்ல. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீணாகிவிடும், காய் பிடிக்காது. கடற்காற்று மயிலாப்பூரைத் தொட்டு வெகுநேரம் கழித்துத்தான் ஆவடிக்கு வரும், சில நாள் வராமலே போகும். அக்னி நட்சத்திரத்தில் ஆவடி மாடியில் தக்காளி காய்க்கவில்லை என்றால் குற்றம் உங்களுடையதல்ல. 50 சதவீத நிழல்வலை இலையைக் காப்பாற்றும், காயைக் கொண்டுவராது. அந்த மாதங்களுக்குக் கத்தரி, கொத்தவரை, தண்டுக்கீரை போதும்.

அப்படியானால் தக்காளி எப்போது? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வயலுக்குச் சொன்னது. வடிகால் உள்ள நிலத்தில் அது இன்றும் சரி. மாடியில் ஆடியில் விதைத்த தக்காளி பூத்துக் காய்க்கும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து நிற்கும். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றதைப் பார்த்தோம், பைச் செடி எந்த மூலை? ஆகவே ஆடியில் புடலை, பாகல், கத்தரி, மிளகாய் போடுங்கள். தக்காளி நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் படிக்கட்டுக் கூரையடியில் விட்டு, மழை ஓய்ந்த மார்கழியில் பைக்கு மாற்றுங்கள். மாசியிலும் பங்குனி முற்பாதியிலும் பறித்து முடித்துவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பாதிப் பைகளையாவது காலியாக விடுங்கள் என்பேன். காலி என்றால் கவிழ்த்து வைப்பதல்ல, மழையில் திறந்து வைப்பது. ஒரு பை மண்ணிலிருந்து உப்பை வெளியேற்ற, பையின் கொள்ளளவைப் போல் இருமடங்கு நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிட வேண்டும். செம்பரம்பாக்கம் வறண்டு குடிநீருக்கே அலைந்த 2019 கோடையில் யாரால் அது முடிந்திருக்கும்? வடகிழக்குப் பருவமழை அதை இலவசமாகச் செய்து தருகிறது. சத்தும் கொஞ்சம் கரைந்து போகும்தான். மார்கழியில் பைக்கு இரண்டு கை மட்கிய உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கிளறிவிட்டால் ஈடாகிவிடும். மல்லி வைத்திருப்பவர்கள் நவம்பர் கடைசியில் கவாத்து செய்துவிடுங்கள். திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோன பூந்தமல்லியில் இருந்துகொண்டு, கவாத்து செய்யாமல் மல்லி பூக்கவில்லை என்று புலம்பக் கூடாது.

உப்பு இன்னொரு வாசல் வழியாகவும் வரும்: தேங்காய் நார்க்கழிவு. 2013-14-ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று மானிய விலையில் மாடித்தோட்டப் பெட்டகம் தந்தது முதல், செங்கல் போன்ற அந்த நார்க்கட்டி நம் வீடுகளுக்குப் பழக்கமாகிவிட்டது. அதை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்புகிறார்கள். செய்யாதீர்கள். பெரிய டப்பில் ஊறப்போட்டால் ஒரு மணி நேரத்தில் பொலபொலவென்று ஊதி டப்பை நிரப்பும். பழைய துணியில் கட்டிப் பிழிந்தால் முதல் தண்ணீர் கட்டன் டீ நிறத்தில் வடியும். மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள், நிறம் வெளிறும்வரை. பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டால் ஒவ்வொரு முறையும் எண் இறங்குவதைப் பார்க்கலாம். பிறகு செம்மண், நார், மட்கிய உரம் மூன்றும் சம அளவு.

அந்த உரத்தைக் கடையில் வாங்கவே வேண்டாம். துளையிட்ட ஒரு வாளி, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு, தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர். இரண்டு மாதத்தில் மட்கிவிடும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். உப்புப் போட்ட சாம்பாரும் ஊறுகாயும் இதில் விழக்கூடாது. அடுக்குமாடிக்காரர்கள் மீன் அமிலம் தயாரிப்பதை நான் ஆதரிப்பதில்லை. செடிக்கு நல்லது, பக்கத்து வீட்டு உறவுக்கு நல்லதல்ல.

பூச்சியைப் பற்றி ஒன்றே ஒன்று. செம்பருத்தியிலும் கத்தரியிலும் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் அதே வெள்ளைப் பஞ்சுடன், ஆனால் பெரிதாக, நீள நீளமான இழைகளோடு ஒரு புழு விறுவிறுவென்று ஓடுவதைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். மாவுப்பூச்சி அப்படி ஓடாது. ஓடுவது அதைத் தின்னும் பொறிவண்டின் புழு, 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். 2008-ல் கோவையில் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பப்பாளியையும் மரவள்ளியையும் உலுக்கிய மாவுப்பூச்சியைக்கூட, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு குட்டிக் குளவிதான் அடக்கியது. வேப்பெண்ணெய் அடித்தே தீரவேண்டும் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்தபின். நண்பகலில் அடித்தால் இலை வெந்துபோகும், அதையும் நோய் என்று எனக்கு எழுதுவீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய் உங்கள் மாடியிலிருந்துதான் இறங்குகிறது. பையிலிருந்து வழியும் நாரும் சருகும் முதலில் அடைப்பது அதைத்தான். புரட்டாசி முடிவதற்குள் அதன் வலையைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள், கீழே வடிகட்டித் தொட்டியின் ஜல்லியையும் அள்ளி அலசிப் போடுங்கள். வருகிற கோடையில் உங்கள் போரிலிருந்து எந்தத் தண்ணீர் ஏறி வரும் என்பதில் அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு.