ஒரே வீட்டில் இரண்டு கணனி: கோப்பு ஏன் தெரியுதில்லை?

"அண்ணை, லாப்டொப்பில வைச்ச கடிதங்கள் மற்றக் கணனியில தெரியுதில்லை. ரெண்டிலயும் இன்ரநெற் நல்லா வேலை செய்யுது. என்ன பிழை?"

மில்லிக்கன் பக்கம் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருக்கிற தம்பி ஒருவர் ரெலிபோனில் கேட்ட கேள்வி இது. அகதிக் கோரிக்கைக்கான ஆவணங்கள் முழுக்க அவருடைய மடிக்கணனியில் இருக்கின்றன. பிரின்டர் பூட்டியிருப்பதோ யாரோ கொடுத்த பழைய மேசைக்கணனியில். விசாரணைக்குக் கொடுக்கிற ஆவணங்கள் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னரே குடிவரவு அகதிகள் சபைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது விதி. வழக்கறிஞர் அதற்கும் முந்திக் கேட்பார். கடைசி இரவில் கணனியோடு மல்லுக்கட்டாமல் இருக்க, இதை இப்போதே செய்து பாருங்கோ. இங்கே சொல்வது வின்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பொத்தான்களின் இடம்தான் கொஞ்சம் மாறும்.

முதலில் ஒரு விசயம். "இன்ரநெற் வேலை செய்யுது" என்பதும் "இரண்டு கணனியும் ஒரே வலையமைப்பில் இருக்கு" என்பதும் ஒன்றல்ல. பலரும் பிழைவிடுவது இங்கேதான். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நிலக்கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர்களுக்கு, வீட்டுக்காரர் தன்னுடைய வைஃபையையே சேர்த்துத் தருவது வழக்கம். மேலே ஒரு ரவுட்டர் இருக்கும். கீழே சிக்னல் வராது என்று இன்னொன்று வைத்திருப்பார்கள். சில வீட்டுக்காரர் வாடகைக்காரருக்கு 'கெஸ்ட்' என்று பெயர் போட்ட விருந்தினர் வைஃபையைத் தருவார். அது பெரும்பாலும் இன்ரநெற்றுக்கு மட்டுமே வழிவிடும். அதில் சேர்ந்த கணனிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது. அது பழுதல்ல, பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பது சுகம். இரண்டு கணனியிலும் 'செற்றிங்ஸ்' திறந்து, 'நெட்வேர்க் அன்ட் இன்ரநெற்' போய், உங்கள் வைஃபையின் 'புரொப்பற்றீஸ்' பாருங்கோ. 'ஐபிவி4' என்ற இடத்தில் நான்கு பகுதியாக ஒரு இலக்கம் இருக்கும். ஒன்றில் 192.168.1.20, மற்றதில் 192.168.1.35 என்று முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருந்தால் அநேகமாக ஒரே வலையமைப்புத்தான். ஒன்றில் 192.168.0 என்றும் மற்றதில் 192.168.1 என்றும் இருந்தால் நீங்கள் இரண்டு ரவுட்டரில் தொங்கிக்கொண்டு இருக்கிறீர்கள். 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணனிக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை. வைஃபையை நிறுத்தித் திரும்பப் போடுங்கோ.

விருந்தினர் வைஃபைதான் இருக்கிறது என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் தயங்கினால் குறைசொல்ல ஏலாது, அது அவருடைய வீட்டு வலையமைப்பு. அவருடைய சம்மதத்தோடு சின்ன ரவுட்டர் ஒன்றை வாங்கி, அவருடைய ரவுட்டரில் கேபிளால் பூட்டி, உங்கள் இரண்டு கணனியையும் அதில் விடுவது இன்னும் நல்லது. மேல்வீட்டிலும் பக்கத்து அறையிலும் இருப்பவர்களின் கணனிகள் உங்களுடையதை இலேசில் எட்டிப்பார்க்க ஏலாது.

அடுத்தது, வின்டோஸ் அந்த வைஃபையை எப்படி நினைத்திருக்கிறது என்பது. அதே புரொப்பற்றீஸ் பக்கத்தில் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டு தெரிவு இருக்கும். பப்ளிக் என்றால், கோப்பிக் கடையில் இருக்கிறோம் என்று நினைத்துக் கணனி ஒளித்துக்கொள்ளும். இரண்டு கணனியிலும் பிரைவேட் ஆக்குங்கோ. பிறகு 'அட்வான்ஸ்ட் ஷெயரிங் செற்றிங்ஸ்' போய், பிரைவேட்டின் கீழ் உள்ள 'நெட்வேர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அன்ட் பிரின்டர் ஷெயரிங்' இரண்டையும் போட்டுவிடுங்கோ. பழைய வீடியோக்களில் 'ஹோம்குரூப்' என்று ஒன்று காட்டுவார்கள். அதை மைக்ரோசொஃப்ற் 2018இல் வின்டோஸ் 10இல் இருந்து எடுத்துவிட்டது, தேடி மினக்கெடவேண்டாம்.

இவ்வளவும் செய்தபிறகு மற்றக் கணனி தெரியும், ஆனால் உள்ளே போக விடாது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். தம்பி இதில்தான் இரண்டு நாள் நின்றார். ஒவ்வொரு நாளும் கணனியைத் திறக்க அடிக்கிற நான்கு இலக்க 'பின்'ஐ அங்கேயும் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பின் அந்தக் கணனிக்கு மட்டும்தான், வலையமைப்பு வழியாகச் செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் வின்டோஸ் வெளியில் இருந்து உள்ளே விடாது.

சுகமான வழி இது. ஆவணம் இருக்கிற கணனியில், செற்றிங்ஸில் 'அக்கவுன்ற்ஸ்', 'அதர் யூசேர்ஸ்' போய், மைக்ரோசொஃப்ற் கணக்கு இல்லாத புதுப் பாவனையாளர் ஒருவரைச் சேர்த்து, நல்ல கடவுச்சொல் கொடுங்கோ. பிறகு பகிரவேண்டிய கோப்புறை ஒன்றை மட்டும் வலதுபக்கச் சுட்டியால் அழுத்தி, 'புரொப்பற்றீஸ்', 'ஷெயரிங்', 'ஷெயர்' என்று போய் அந்தப் பெயரைச் சேருங்கோ. மற்றக் கணனியில் கோப்புறைச் சாளரத்தின் மேலே உள்ள முகவரிப் பெட்டியில் \\192.168.1.20 என்று, முதல் கணனியின் இலக்கத்தை அடியுங்கோ. கணனியின் பெயரை அடித்தாலும் வரும். ஆனால் பெயர் சிலவேளை காலை வாரும், இலக்கம் வாராது. கேட்கும்போது புதுப் பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் கொடுங்கோ.

இந்த இடத்தில் யாராவது ஒரு சிநேகிதர் வந்து, "உந்தக் கடவுச்சொல்லை நிப்பாட்டிப்போட்டு 'எவ்ரிவன்' எண்டு குடுத்தால் உடனே வேலை செய்யும்" என்று சொல்லுவார். சிலவேளை செய்யும்தான். அதுதான் எங்கள் பயம். அப்படித் திறந்தால் அந்த வைஃபையில் இருக்கிற எல்லாருக்கும் உங்கள் கோப்புறை திறந்துவிடும். அதற்குள் என்ன இருக்கு? யார் பிடித்தது, எங்கே அடித்தது, ஊரில் யார் யார் இன்னும் இருக்கினம், எல்லாம் உங்கள் கதையில் எழுதியிருக்கும். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 166ஆம் பிரிவுப்படி அகதிக் கோரிக்கை விசாரணை பொதுமக்கள் இல்லாமல்தான் நடக்கவேண்டும். சட்டமே மூடிவைக்கிற கதையை நாங்கள் வாடகை வீட்டு வைஃபையில் திறந்துவைக்கக் கூடாது. வின்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு 2024இல் வந்தபிறகு அந்தக் குறுக்குவழி அதில் வேலை செய்வதும் இல்லை.

இன்னொரு குறுக்குவழி 'எஸ்எம்பி1'ஐத் திரும்பப் போடச் சொல்வது. அது கணனிகள் கோப்புப் பரிமாறுகிற மிகப் பழைய முறை. 2017 மே மாதம் 'வொன்னாக்ரை' என்ற கிருமி அதில் இருந்த ஓட்டையால் கணனிக்குக் கணனி தாவிப் பரவி, பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளையும் நிறுத்தியது. அதே வருடக் கடைசியில் இருந்து புது வின்டோஸில் அது தானாகப் பூட்டப்படுவதில்லை. வின்டோஸ் எக்ஸ்பி கணனிக்குத்தான் அது தேவை. வீட்டில் எக்ஸ்பி இருந்தால் அதில் ஆவணம் வைக்கவே வேண்டாம்.

ஒரு நேரம் தெரிந்து ஒரு நேரம் தெரியாமல் போகுதோ? மடிக்கணனி நித்திரைக்குப் போயிருக்கும். ஊர் ரீவி பார்க்க விபிஎன் போட்டிருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கோ.

சிலருக்குக் கோப்பு ஒழுங்காக வந்துசேரும், ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பைபோல் இருக்கும். பகிர்வில் பிழையில்லை. ஊரில் இருந்து கிராம அலுவலரோ சமாதான நீதவானோ அனுப்பிய கடிதம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். மற்றக் கணனியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். அந்த எழுத்துருவைப் போடுங்கோ. அல்லது சரியாகத் தெரிகிற கணனியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டு அனுப்புங்கோ. மொழிபெயர்ப்பாளருக்கும் பிடிஎஃப்தான் வசதி. தமிழ்க் கடிதத்தோடு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்த்துத்தான் சபைக்குக் கொடுக்கவேண்டும்.

நேரம் இல்லை, நாளைக்கே கொடுக்கவேணும் என்றால் இதெல்லாவற்றையும் விட்டுவிட்டு யூஎஸ்பி குச்சியில் போட்டு எடுத்துப் போங்கோ. ஆல்ரன் ரவர்ஸ் சேர்க்கிளில் ரொறன்ரோ நூலகத்தின் கோல்ட்ஹோக் பார்க் கிளை இருக்கிறது. ஸ்ரீல்ஸுக்கு அங்கால் இருப்பவர்களுக்குக் கென்னடி வீதியில் மார்க்கம் நூலகத்தின் மில்லிக்கன் மில்ஸ் கிளை கிட்ட. அங்கே அச்செடுத்தபிறகு கோப்பை அந்தக் கணனியில் சேமிக்காமல், வெளியேறிவிட்டு, குச்சியையும் கழற்றிக்கொண்டு வாங்கோ. குச்சியை மறந்துபோய் வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கினம்.

தம்பியின் வீட்டில் கடைசியில் இரண்டு பிழையும் சேர்ந்தே இருந்தன: மேசைக்கணனி கெஸ்ட் வைஃபையில், கடவுச்சொல்லுக்குப் பதில் பின். இரண்டையும் திருத்த இருபது நிமிசம் போனது. அச்செடுத்து முடிந்ததும் அந்தக் கோப்புறைப் பகிர்வையும் நிறுத்தச் சொன்னோம், நிறுத்திவிட்டார்.