மலைக்குள் ஒரு மடாலயம்

கேள்வி: ஆர்மீனியாவில் பாறையைக் குடைந்தே செய்த தேவாலயம் இருக்கிறதாமே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இருக்கிறது. தலைநகர் எரவானுக்குக் கிழக்கே, அசாத் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் உள்ள கெகார்த் மடாலயம்தான் அது. 4ஆம் நூற்றாண்டில் புனித கிரகோரி நிறுவினார் என்பது மரபு. பிரதான ஆலயம் 1215இல் கல்லால் எழுப்பப்பட்டது. பிறகு அந்த இடத்தை வாங்கிய புரோஷியான் பிரபுக்கள், அதையொட்டிய மலையையே குடையச் செய்தார்கள். தூண், வளைவு, கூம்பிய கூரை என எல்லாமே ஒரே பாறை. கூரை உச்சியிலுள்ள துளைதான் வெளிச்சத்துக்கு வழி. ஓர் அறைக்குள் ஊற்று சுரக்கிறது. அதைப் புனித நீராகக் கருதுகிறார்கள். புரோஷியான் பிரபுக்களின் கல்லறை அறைச் சுவரில், இரண்டு சிங்கங்களின் கழுத்தில் பூட்டிய சங்கிலியை ஒரு காளைத்தலை வாயில் கவ்வியிருக்கிறது. கீழே கழுகொன்று ஆட்டுக்குட்டியைக் கால்களில் பற்றியிருக்கிறது.

இயேசுவின் விலாவைக் குத்தியதாக நம்பப்படும் ஈட்டி நெடுங்காலம் இங்கே இருந்ததால்தான் ‘ஈட்டி’ என்று பொருள்படும் கெகார்த் என்ற பெயர். ஈட்டி இப்போது எச்மியாட்சின் நகரில் இருக்கிறது. நேர்ந்துகொண்டு ஆடு, சேவல் அறுத்து, சமைத்துப் பலருக்கும் பகிர்வது இங்கே இன்றும் உள்ள வழக்கம். 2000இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.